137 பேரின் சீட்டை ஒன்றாகக் கிழித்தால்: லண்டன் கிரன்விக் வழக்கு, 1976–78

ஒரு தொழிலாளியைத் தக்க காரணமில்லாமல் வேலையை விட்டு எடுத்தால் அவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேலைநிறுத்தம் செய்தவர்களில் பத்துப் பேரை மட்டும் பொறுக்கி எடுத்தால் அந்தப் பத்துப் பேரும் போகலாம். ஆனால் வேலைநிறுத்தத்தில் இருந்த எல்லோரையும் ஒரே அடியாக எடுத்து, ஒருவரைக்கூடத் திரும்பச் சேர்க்காமல் இருந்துவிட்டால், ஒருவராலும் போக முடியாது. அது நியாயமான நீக்கமா என்று விசாரிக்கவே தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் கிடையாது. 1976-இல் பிரிட்டனில் இருந்த சட்டம் இது. யாரோ கவனக்குறைவாக விட்ட ஓட்டை என்று நினைக்க வேண்டாம். வேலைநிறுத்தத்தில் எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்பாயம் எடைபோடக் கூடாது என்பதற்காக, யோசித்தே அப்படி எழுதியிருந்தார்கள்.

இந்த ஒரு பிரிவு, குடியேறிய பெண்கள் முன்னின்று நடத்திய ஒரு போராட்டத்தை என்ன செய்தது என்பதுதான் இந்த ஆய்வு. கிரன்விக் என்றால் பலருக்கும் புடவை கட்டிய பெண்கள், போலீஸ், கைகலப்பு என்ற படங்கள்தான் நினைவுக்கு வரும். அந்தப் படங்களை நான் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். இந்த வழக்கு முடிவானது வாசலில் நடந்த தள்ளுமுள்ளில் இல்லை. ஒரு பெயர்ப்பட்டியலும் சில தபால் மூட்டைகளும்தான் அதை முடித்துவைத்தன.

உள்ளே வருவதும் தபால், வெளியே போவதும் தபால்

வடமேற்கு லண்டனில் வில்ஸ்டன், டாலிஸ் ஹில் பகுதி. இன்று அதைச் சுற்றியுள்ள வெம்ப்ளி, ஹாரோ பக்கமெல்லாம் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள். எழுபதுகளில் அங்கே குடியேறிக்கொண்டிருந்தவர்களில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திகள் அதிகம். சாப்டர் ரோட்டிலும் கொஞ்சம் தள்ளி கோபோல்ட் ரோட்டிலும் கிரன்விக் என்ற நிறுவனத்தின் கட்டடங்கள் இருந்தன.

ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போடுவது அதன் தொழில். வாடிக்கையாளர் நேரில் வரும் கடை இல்லை. விடுமுறைக்குப் போய் வந்த குடும்பம் ஃபிலிம் ரோலையும் காசோலையையும் ஓர் உறையில் போட்டு அனுப்பும். இங்கே உறையைப் பிரித்து, கழுவி, பிரிண்ட் போட்டு, தபாலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கடைக்காரர் கமிஷன் கிடையாது என்பதால் விலை குறைவு. கோடை முடியும்போது வேலை மலைபோல் குவியும். நிறுவனத்தின் மூச்சுக்குழாய் அஞ்சலகம்தான் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

மேலாண்மை இயக்குநர் ஜார்ஜ் வார்டு. டெல்லியில் பிறந்த ஆங்கிலோ-இந்தியர். முதலாளியும் குடியேறியவர், தொழிலாளிகளும் குடியேறியவர்கள். வெள்ளைக்கார முதலாளி, கறுப்புத் தொழிலாளி என்று கதையை எளிதாக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும்.

வேலை செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஆசியப் பெண்கள். கென்யா, தான்சானியா, உகாண்டா ஆகிய நாடுகளில் கடை வைத்திருந்த, கணக்கு எழுதிய, பள்ளியில் பாடம் எடுத்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கென்யாவில் அறுபதுகளின் இறுதியில் ஆசியர்களுக்கு நெருக்கடி வந்தது. உகாண்டாவில் 1972 ஆகஸ்டில் இடி அமீன் 90 நாள் கெடு கொடுத்து ஆசியர்களை விரட்டினார். லண்டனில் வந்து இறங்கியபோது கணவனின் படிப்புக்கும் அனுபவத்துக்கும் மதிப்பில்லை. அதுவரை கூலிக்கு வேலை பார்த்தே பழக்கமில்லாத பெண்கள் தொழிற்சாலை வாசலில் போய் நின்றார்கள். வறுமையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் மேலே இருந்து கீழே இறக்கப்பட்டவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: இரண்டாமவருக்கு அவமானம் சட்டென்று அடையாளம் தெரியும். இப்படிப்பட்டவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள் என்று நிர்வாகம் போட்ட கணக்கு தப்பியதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சம்பளம்: சராசரியாக வாரத்துக்கு 28 பவுண்டு. அப்போது லண்டனில் முழுநேர உடலுழைப்பு வேலை செய்த ஒரு பெண்ணின் சராசரி வாரச் சம்பளம் 44 பவுண்டு. நாட்டின் பொதுச் சராசரி 72 பவுண்டு. ஓவர்டைம் கட்டாயம். அதையும் பல நாள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் சொல்வார்கள். வீட்டில் குழந்தை காத்திருக்கிறது, அடுப்பு காத்திருக்கிறது என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை.

ஆனால் அந்தப் பெண்களிடம் கேட்டபோது சம்பளத்தை முதலில் சொல்லவில்லை. மேலாளரின் கண்ணாடி அறையைச் சொன்னார்கள். யார் பேசுகிறார்கள், யார் கை நிற்கிறது என்று எல்லாம் அவருக்கு அங்கிருந்தே தெரியும். கழிப்பறைக்குப் போக அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஓர் ஆணிடம், எல்லோர் முன்னாலும், வாய்விட்டுக் கேட்க வேண்டும். கூச்சத்தில் சிலர் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். சத்தம்போட்டுக் கேட்கவைப்பதில் அவருக்கே வெட்கமில்லை, கேட்பதற்கு உனக்கென்ன வெட்கம் என்று அவர்களிடம் சொன்னவர் ஜெயாபென் தேசாய். 1933-இல் குஜராத்தின் தர்மஜ் ஊரில் பிறந்தவர். கல்யாணமாகித் தாங்கனிக்கா (இன்றைய தான்சானியா) போய், அறுபதுகளின் கடைசியில் பிரிட்டன் வந்து, தையல் வேலை பார்த்து, பிறகு கிரன்விக்கின் தபால் பிரிவில் சேர்ந்தவர். நாலடி பத்தங்குலம் உயரம்.

1976 ஆகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை

அந்த ஆண்டுக் கோடை பிரிட்டனில் பேர்போன வெயில். தபால் பிரிவில் வேலை குவிந்து கிடந்தது. தேவ்ஷி புடியா என்ற இளைஞர் மெதுவாக வேலை செய்கிறார் என்று சொல்லி அன்று அவரை நீக்கினார்கள். அவரோடு மூன்று பேர் வெளியேறினார்கள். அன்று மாலை ஜெயாபென் வீட்டுக்குக் கிளம்பத் தயாரானபோது, இன்னும் வேலை இருக்கிறது, இருந்து முடித்துவிட்டுப் போ என்றார்கள். வாக்குவாதம் ஆனது. கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். நீங்கள் நடத்துவது தொழிற்சாலை இல்லை, மிருகக்காட்சிசாலை என்று மேலாளரிடம் சொன்னார். அங்கே பலவிதமான மிருகங்கள் இருக்கும். சில குரங்குகள், உங்கள் விரலசைவுக்கு ஆடும். சில சிங்கங்கள், உங்கள் தலையைக் கடித்துவிடும். நாங்கள் அந்தச் சிங்கங்கள், மேனேஜர் சார். சொல்லிவிட்டு வெளியேறினார். கல்லூரி விடுமுறையில் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த மகன் சுனிலும் கூடவே வந்துவிட்டார்.

இந்த வசனம் பிறகு சுவரொட்டிகளில் ஏறியது. எனக்கு அதைவிட முக்கியம் அதற்கு அடுத்த இரண்டு நாட்கள். அவர்களிடம் சங்கம் இல்லை, சட்ட அறிவு இல்லை, அடுத்து என்ன என்ற திட்டமும் இல்லை. சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை அட்டைகளை எழுதிப் பிடித்துக்கொண்டு அதே வாசலில் போய் நின்றார்கள். குடிமக்கள் ஆலோசனை மையத்தைக் கேட்டார்கள். அங்கிருந்து பிரிட்டன் தொழிற்சங்கங்களின் தலைமை அமைப்பான தொழிற்சங்கக் காங்கிரஸுக்குக் கைகாட்டினார்கள். அவர்கள் அபெக்ஸ் என்ற எழுத்தர்கள், அலுவலக ஊழியர்களின் சங்கத்தைக் காட்டினார்கள். வட்டாரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் செயலாளர் ஜாக் டிரோமி ஓடி ஓடி உதவினார். சில நாட்களில் வெளியே வந்தவர்கள் 137 பேர். அதில் 91 பேர் நிரந்தரப் பணியாளர்கள், 46 பேர் கோடை வேலைக்கு வந்த மாணவர்கள்.

இவர்களுக்கு முன்னால் வேறு சிலர் போராடித் தனியாக நின்ற கதையும் உண்டு. 1972-இல் லஃப்பரோவில் மேன்ஸ்ஃபீல்ட் ஹோசியரி, 1974-இல் லெஸ்டரில் இம்பீரியல் டைப்ரைட்டர்ஸ். இரண்டிலும் ஆசியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லெஸ்டரில் அவர்கள் சந்தா கட்டிய சங்கத்தின் உள்ளூர் அதிகாரியே அவர்களுக்கு எதிராக நின்றார். அந்த வகையில், சங்கம் தங்கள் பக்கம் வந்ததே கிரன்விக் பெண்களுக்குப் பெரிய விஷயம்.

செப்டம்பர் 2

சங்கத்தை அங்கீகரிக்கும்படி அபெக்ஸ் கேட்டது. நிறுவனத்தின் பதில் செப்டம்பர் 2-ஆம் தேதி வந்தது: வேலைநிறுத்தத்தில் இருக்கும் அனைவரும் நீக்கப்பட்டார்கள்.

ஆத்திரத்தில் எடுத்த முடிவாக இருந்திருந்தால் நாலைந்து தலைவர்களை எடுத்துவிட்டு மற்றவர்களை மிரட்டி உள்ளே கூப்பிட்டிருப்பார்கள். முதலாளிகள் வழக்கமாகச் செய்வது அதுதான். அப்படிச் செய்திருந்தால் அந்த நாலைந்து பேருக்குத் தீர்ப்பாயத்தின் கதவு திறந்திருக்கும். அழுத்தத்தில் வேலை பார்த்தவர், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஒருநாள் முன்னதாகப் போனதற்குத் திட்டு வாங்கியவர் என்று யார் வந்தாலும் தன் கதையைச் சாட்சிக் கூண்டில் நின்று சொல்லியிருக்கலாம். அனைவரையும் எடுத்ததால் யாருக்கும் கதவில்லை. ஒருவரைத் திரும்பச் சேர்த்தாலும் மற்றவர்களுக்கு வழக்குரிமை வந்துவிடும் என்பதால், நிறுவனம் கடைசிவரை ஒருவரையும் சேர்க்கவில்லை. சமரசத்துக்கு வந்தவர்கள், சிலரையாவது திரும்ப எடுங்கள் என்று கேட்டால் நிறுவனம் ஏன் அசையவில்லை என்பதற்கு வார்டின் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. சட்டமே அவரை அசையாதே என்றுதான் சொல்லிக்கொடுத்தது.

ஆக, நியாயமற்ற வேலைநீக்கம் என்று நாம் பேசும் இந்த வழக்கில், அந்த வேலைநீக்கம் நியாயமா இல்லையா என்பதைக் கடைசிவரை எந்தத் தீர்ப்பாயமும் தீர்மானிக்கவில்லை.

ஒரு பெயர்ப்பட்டியல்

நேர்வழி அடைபட்டதும் சங்கம் பக்கவழியில் போனது. 1975-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புப் பாதுகாப்புச் சட்டப்படி, சங்கத்தை அங்கீகரிக்க முதலாளி மறுத்தால் அகாஸ் என்ற அரசு சமரச அமைப்பிடம் முறையிடலாம். அகாஸ் தொழிலாளர்களின் கருத்தைக் கேட்டறிந்து பரிந்துரை செய்யும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கருத்துக் கேட்க வேண்டுமென்றால் ஆட்களின் பெயரும் முகவரியும் வேண்டும். வெளியே நிற்பவர்களின் பட்டியல் சங்கத்திடம் இருந்தது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்களின் பட்டியல் நிறுவனத்திடம் இருந்தது. கொடுக்க முடியாது என்றது நிறுவனம்.

அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அகாஸிடம் இல்லை. கருத்துக் கேட்கும் கடமை சட்டத்தில் இருந்தது, கேட்பதற்கான கருவி இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, வெளியே இருந்தவர்களை மட்டும் கேட்டு, 1977 மார்ச்சில் அகாஸ் அறிக்கை கொடுத்தது: அபெக்ஸை அங்கீகரியுங்கள். நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை 12-இல் தலைமை நீதிபதி விட்ஜரி, அகாஸ் செய்தது சரி என்றார். அதே மாதம் 29-இல் டென்னிங் பிரபு தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. டிசம்பர் 14-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இறுதியாகச் சொன்னது: தொழிலாளர்களில் பெரும்பகுதியினரைக் கேட்காமல் எழுதிய அறிக்கை செல்லாது.

கேட்கவிடாமல் தடுத்தவர் யாரோ, அவரே கேட்கவில்லை என்று வழக்குப் போட்டு ஜெயித்தார். இந்த முடிவின் சட்டத் தர்க்கத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. சட்டம் கடமை என்று எழுதியிருந்தால் அது கடமைதான்; யாரோ ஒத்துழைக்கவில்லை என்பதற்காக அது தளர்ந்துவிடாது. தவறு நீதிபதிகளிடம் இருந்ததைவிடச் சட்டத்தை எழுதியவர்களிடம் அதிகம் இருந்தது. சரி, உள்ளே இருந்தவர்களுக்குச் சங்கம் வேண்டுமா? வேண்டாம் என்றுதான் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பு சொன்னது. கருங்காலிகள் என்று அவர்களைத் திட்டிவிட்டுப் போவது எளிது. அவர்களும் அதே ஊர்க்காரர்கள், அதே சம்பளத்தில் வாடகை கட்டியவர்கள். வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகு உள்ளே இருந்தவர்களின் சம்பளம் உயர்ந்தது. வெளியே நின்றவர்களின் புண்ணியத்தில் உள்ளே இருந்தவர்கள் கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

மூட்டைகள் நின்ற நாட்கள்

இனி தபாலுக்கு வருவோம். என் பார்வையில் வழக்கின் மையம் இதுதான்.

கிரன்விக்கின் தபால் கிரிக்கிள்வுட் அஞ்சல் பிரிப்பகம் வழியாகப் போய்வந்தது. 1976 நவம்பர் 1-ஆம் தேதி அஞ்சல் தொழிலாளர் சங்கம் அந்தத் தபாலைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தது. நான்கே நாள். அதுவரை கடிதத்துக்குக்கூடச் சரியாகப் பதில் தராத நிறுவனம் அகாஸோடு ஒத்துழைக்கிறேன் என்றது. அதே நேரத்தில், சுதந்திரத்துக்கான தேசியச் சங்கம் என்ற வலதுசாரி அமைப்பு உயர் நீதிமன்றத்தை நாடியது. தபாலைத் தடுப்பது 1953-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டப்படி குற்றம் என்பது அவர்களின் வாதம். அஞ்சல் சங்கம் நிறுவனத்தின் வாக்குறுதியை நம்பித் தடையை விலக்கிக்கொண்டது. வாக்குறுதி என்ன ஆனது என்பதைப் பெயர்ப்பட்டியல் கதையில் பார்த்துவிட்டோம்.

இந்த வழக்கு நடந்த ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் நிறுவனம் தானாக இறங்கிவந்தது அந்த நான்கு நாட்களில்தான். அமைச்சர்கள் வந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள், நாடாளுமன்றத்தில் கத்தினார்கள். எதற்கும் அசையவில்லை. மூட்டை நின்றதும் அசைந்தது.

1977 ஜூனில் கிரிக்கிள்வுட் ஊழியர்கள் தங்கள் தலைமையின் சொல்லைக் கேட்காமல் மறுபடியும் கிரன்விக் தபாலைத் தொட மறுத்தார்கள். நிர்வாகம் அவர்களை வேலைக்கு விடாமல் வெளியே நிறுத்தியது. வாரக்கணக்கில் சம்பளம் போனது. அவர்களில் பெரும்பாலானவர்கள் வெள்ளையர்கள். பெயர்கூடத் தெரியாத குஜராத்திப் பெண்களுக்காக வீட்டு வாடகையைப் பணயம் வைத்தவர்கள். கிரன்விக் பற்றிய பேச்சில் இவர்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது.

ஜூலை 9-ஐ ஒட்டி அந்த வலதுசாரி அமைப்பின் ஆட்கள் தேங்கிக் கிடந்த மூட்டைகளை லாரிகளில் ஏற்றி வெளியே கொண்டுபோய், நாட்டின் பல மூலைகளிலுள்ள தபால்பெட்டிகளில் போட்டார்கள். அதற்கு ஒரு ராணுவ நடவடிக்கைபோலப் பெயரும் வைத்திருந்தார்கள். தொழிற்சாலையைக் காப்பாற்றியது அதுதான். ஜூலை முடிவதற்குள் கிரிக்கிள்வுட் ஊழியர்களும் சங்கத் தலைமையின் நெருக்கடிக்குப் பணிந்து வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு தண்ணீரை, மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிப் போராட்டக் குழு தொழிற்சங்கக் காங்கிரஸிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடக்கவில்லை.

வாசல்

மறியலைப் பற்றிச் சுருக்கமாக. 1977 மே மாதம், அப்போது ஆட்சியிலிருந்த தொழிற்கட்சியின் அமைச்சர்கள் மூவர் மறியலில் வந்து நின்றார்கள். ஜூன் 13-இல் பெருந்திரள் மறியல் தொடங்கியது. முதல் நாளே 84 பேர் கைது. போலீஸின் சிறப்பு ரோந்துப் படை இறங்கியது. யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர்கள் வந்தார்கள். ஜூலை 11-இல் ஏறத்தாழ 20,000 பேர். 1968-இல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய அரசியல்வாதி ஈனக் பவலை ஆதரித்து லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் ஊர்வலம் போயிருந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்துத் துறைமுகத் தொழிலாளர்களின் கொடி குடியேறிய பெண்களின் பின்னால் வந்தது. அது சாதாரண விஷயமில்லை. மொத்தத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும், காலையில் கம்பெனிப் பேருந்து போலீஸ் காவலோடு உள்ளே போய்விடும். பேச்சு முழுக்க யார் யாரை அடித்தார்கள் என்பதாக மாறியது. கழிப்பறை அனுமதியும் 28 பவுண்டும் செய்தியிலிருந்து காணாமல் போயின.

அந்த வாசலில் நடந்த வேறொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. மறியலில் நின்றபோது முதலாளி வந்து தன்னிடம் பேசியதை ஜெயாபென் பேட்டியில் சொல்லியிருக்கிறார். புடவையைக் கட்டிக்கொண்டு ஜெயிக்க முடியாது, உங்களை மினி ஸ்கர்ட்டில் பார்க்க வேண்டும் என்றாராம். புடவை கட்டிக்கொண்டுதான் இந்திரா காந்தி ஒரு பெரிய நாட்டையே ஆள்கிறார் என்று பதில் சொன்னாராம். (அப்போது அங்கே நெருக்கடி நிலை என்பதையும் ஒரு ஓரத்தில் நினைத்துக்கொள்ளலாம்.) இன்னொரு முறை, உன் நடத்தை சரியில்லை என்று படேல் சமூகம் முழுக்கச் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டல். நீங்கள் படேல்களிடம்தான் சொல்வீர்கள், நான் இந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்து முழுக்க உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றாராம்.

இந்த மிரட்டலின் கனம் நமக்கு உடனே புரியும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்வியைச் சம்பளப் பட்டியலோடு சேர்த்துக் கட்டும் வேலை அது. போலீஸ் தடியைவிட அதுதான் பல பெண்களைத் திரும்ப வீட்டுக்குள் அனுப்பக்கூடியது. மாமியார், மாமனார், நாத்தனார் எல்லோரும் இருக்கும் வீட்டில், விடியற்காலையில் கிளம்பித் தெருவில் ஆண்களோடு நிற்கும் மருமகள். கைதாகிவிட்டாள் என்று சேதி வந்தால்? பத்திரிகைகள் புடவை கட்டிய வேலைநிறுத்தக்காரர்கள் என்று வியந்து எழுதின. பாவம், பயந்த சுபாவமுள்ள கீழைநாட்டுப் பெண்கள் எப்படி இப்படி என்ற வியப்பு. அந்தப் பெண்கள் வீட்டில் ஒரு போராட்டத்தை முடித்துவிட்டுத்தான் தினமும் வாசலுக்கே வந்தார்கள் என்பது அவற்றுக்குத் தெரியவில்லை.

சட்டத்தின் எழுத்து, முழங்கையில் தேன்

அரசு 1977 ஜூன் கடைசியில் நீதிபதி ஸ்கார்மன் தலைமையில் விசாரணை மன்றம் அமைத்தது. ஆகஸ்ட் 25-இல் அறிக்கை வந்தது. நிறுவனம் நடந்துகொண்டது சட்டத்தின் எழுத்துக்கு உட்பட்டது, ஆனால் அதன் உணர்வுக்குப் புறம்பானது என்றார் ஸ்கார்மன். நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஈட்டுத்தொகை தர வேண்டும், சங்கத்தையும் அங்கீகரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். பெருந்திரள் மறியலையும் தபால் தடையையும் குறை சொன்னார். வார்டு மறுத்துவிட்டார். மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு ஸ்கார்மனிடமும் கருவி இல்லை. அகாஸ் கதைதான் மறுபடியும்.

1977 நவம்பர் 21. ஜெயாபெனும் இன்னும் மூன்று பேரும் தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைமையகத்துக்கு வெளியே உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். முதலாளியின் வாசலில் இல்லை, தங்கள் தோழர்களின் வாசலில். அபெக்ஸ் அவர்களை உறுப்பினர் பொறுப்பிலிருந்து தற்காலிகமாக நீக்கி, வேலைநிறுத்த உதவித்தொகையையும் நிறுத்தியது. நீக்கப்பட்டவர்களைச் சங்கமும் நீக்கியது.

தொழிற்சங்கக் காங்கிரஸின் ஆதரவு முழங்கையில் தடவிய தேன் என்று ஜெயாபென் சொன்னது அப்போதுதான் பிரபலமானது. முகரலாம், பார்க்கலாம், ருசிக்க முடியாது. முழங்கையில் வெல்லம் ஒட்டுவது என்று குஜராத்தியில் ஒரு வழக்கு உண்டு, அதன் வழிவந்த பேச்சு. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நாம் சொல்வோம். புறங்கை நாக்குக்கு எட்டும். முழங்கை எட்டாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்த மாதம் பிரபுக்கள் சபைத் தீர்ப்பு. அதற்குப் பிறகும் ஏழு மாதம் நின்றார்கள். 1978 ஜூலை 14-இல் போராட்டக் குழு வேலைநிறுத்தத்தை முடித்துக்கொண்டது. ஒருவருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லை.

பிறகு சட்டம் போன பாதை

1979-இல் ஆட்சி மாறி, கன்சர்வேட்டிவ் கட்சி வந்தது. அடுத்த ஆண்டு வந்த வேலைவாய்ப்புச் சட்டம், அகாஸ் வழியாக அங்கீகாரம் கேட்கும் அந்தப் பிரிவுகளையே எடுத்துவிட்டது. மறியல் தொழிலாளியின் சொந்தப் பணியிடத்தோடு நின்றுகொள்ள வேண்டும் என்றானது. வாசலுக்கு ஆறு பேர் போதும் என்றது கூடவே வந்த நடைமுறை விதி. அங்கீகாரத்துக்கான சட்டவழி 1999-இல்தான் வேறு வடிவில் திரும்பி வந்தது. அதே 1999 சட்டம், சங்கம் முறைப்படி வாக்கெடுத்து நடத்தும் வேலைநிறுத்தத்தில் முதல் எட்டு வாரங்களுக்குள் நீக்கினால் அது நியாயமற்ற நீக்கம் என்றது. 2004-இல் அது பன்னிரண்டு வாரமானது. கிரன்விக் பெண்களை நீக்கியது இரண்டாவது வாரத்தில்.

முறைப்படி வாக்கெடுத்து என்ற சொற்களைக் கவனியுங்கள். 1976 ஆகஸ்டில் கிளம்பிப் போன பெண்களிடம் சங்கமே இல்லை. பிறகு வாக்கெடுப்பு எங்கே? இன்று அதேபோல் ஒருவர் வேலையை விட்டு எழுந்து வெளியேறினால், அவர் பின்னால் நூறு பேர் வெளியேறினால், அந்தப் பாதுகாப்பு அவர்களுக்குப் பொருந்தாது.

2005 ஆகஸ்ட் 10. ஹீத்ரோ விமான நிலையத்துக்கு உணவு தயாரித்துக் கொடுத்த கேட் கூர்மே நிறுவனம். பெரும்பாலும் சவுத்ஹாலைச் சுற்றி வாழும் பஞ்சாபிப் பெண்கள். தற்காலிக ஆட்களை எடுப்பதைக் கண்டு, வேலையை நிறுத்திவிட்டு உணவுக்கூடத்தில் கூடினார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். சிலருக்கு அந்தச் செய்தி ஒலிபெருக்கியில் வந்தது. விமான நிலையத்திலிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர்கள் அவர்களுக்காக வேலையை நிறுத்தினார்கள், விமானங்கள் தரையில் நின்றன. கிரிக்கிள்வுட் தபால்காரர்களைப் போல. அதுவும் சட்டப்படி செல்லாது, ஓரிரு நாளில் திரும்பிவிட்டார்கள்.

ஜெயாபென் பிறகு தையல் சொல்லிக்கொடுத்தார். அறுபது வயதில் கார் ஓட்டும் தேர்வில் தேறினார். 2010 டிசம்பரில் காலமானார். ஃபிலிமை உறையில் போட்டு அனுப்பும் வழக்கம் அதற்கு முன்பே ஒழிந்துவிட்டது.